நாற்பத்திரண்டு வரியும் காரணம் கேட்ட கட்டமும்

நாற்பது ஆண்டுகளாக நம் ஊர்ப் பிள்ளைகளின் நாக்கையும் முதுகையும் ஒரே பிரம்பால் திருத்திய நல்லாசான், இன்று நடக்கப்போகும் நாடகத்தை எழுதிய நாவலர், இந்த மேடையின் தலைவர் ராயப்பராஜ் வாத்தியார் அவர்களே! ஐந்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, ஆறாவது நிமிடம் அடிப்பதற்காக மணியை மடியிலேயே வைத்திருக்கும் பங்குச்சாமி அவர்களே! மத்தியானமே பாய் விரித்து, பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்து இடம் பிடித்து, வராதவளைப் பற்றி வந்தவளிடம் பேசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றால் பீடிப்புகை வெளியே தெரியாது என்று நம்பும் பெரியவர்களே! கீரனூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரே... ஏனுங்க, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுமுங்க, பாத்து உக்காருங்க! உங்கள் அத்தனை பேருக்கும், கரட்டுப்பட்டி அந்தோணியார் திருவிழா நாடகத்தில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பபூன் வேடம் கட்டும் சிலுவைமுத்துவின் பணிவான வணக்கம்.

பணிவுன்னதும் அங்க யாருப்பா சிரிச்சது? பொம்மையனா? சிரி அப்பு, சிரி. ஒனக்கு இருக்கிற ரெண்டு பல்லும் ஊர் பாக்கட்டும்.

அன்பு நெஞ்சங்களே! இந்த மேடையில் நான் ஏறியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் மரியசெல்வியைப் பாராட்டுவது. இன்னொன்று, நான் செய்த ஒரு குற்றத்தை மைக் வைத்து ஒப்புக்கொள்வது. விஷயம் தெரிந்தவர்கள் செத்த நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். தெரியாதவர்கள் திறந்து வைத்துக்கொள்ளலாம், கொசு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரியசெல்வி யார்? நாகல் நகரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் நம் ஊர்ப் பெண். நான் யார்? தோல் பதனிடும் ஷாப்பில் ஓய்வு கொடுத்து அனுப்பிய நாள் முதலாய், தினம் காலை அந்தப் பெண் போகும் பஸ்ஸிலேயே போய், அந்தக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஆள். அறிவு வளர்க்கவா போனேன்? அங்கே ஏசி இருக்கிறது, அதனால் போனேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, பேப்பர் முடிந்த பிறகு பொழுது போக வேண்டாமா? "தாத்தா, இந்த எழுத்தை இப்படித் தட்டுங்க" என்று அந்தப் பிள்ளை காட்டிக் கொடுத்தது. ஒற்றை விரலால் தமிழ் அடிக்கக் கற்றேன். அந்த ஒற்றை விரல்தான், பெருமக்களே, இத்தனை வினைக்கும் விதை!

நம் நாடகத்தின் கதை உங்களுக்குத் தெரியும். மகரகேது மன்னன் மகுடத்தைத் துறந்து, மகளின் மடியில் உயிரை விடுவான். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த கூத்தை மறந்தீர்களா? வாத்தியார் வருடா வருடம் வசனத்தை மாற்றுவார். மந்திரி வேடம் கட்டும் ரஹ்மத்துல்லா பாய் திருப்பூரில் இருந்ததால் அவர் கையில் பழைய நோட்டு. மற்றவர்கள் கையில் புது நோட்டு. பாய் மேடைக்கு வந்து, "மன்னா! தங்கள் தம்பி போர்க்களத்தில் மாண்டுவிட்டார்!" என்று மார்பில் அடித்து அழுதார். தம்பியோ, புது நோட்டுப்படி மன்னன் பக்கத்தில் வாளோடு நின்றுகொண்டிருந்தான்! தம்பி மந்திரியைப் பார்க்கிறான். மந்திரி தம்பியைப் பார்க்கிறார். நான்தான், "பொணம் நல்லா நிமிந்து நிக்குதே மந்திரி!" என்று கேட்டு மானத்தைக் காப்பாற்றினேன்.

பாய், மொறைக்காதீங்க. அன்னிக்கு வாங்குன கைதட்டுல பாதி ஒங்களுக்குத்தான்.

அந்தக் கூத்துக்கு முடிவு கட்டியவள் மரியசெல்வி. நாடகம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பெட்டிக்குள் வைத்தாள். ரெப்பாசிட்டரி என்று அதற்குப் பெயராம். எனக்குப் பெட்டி போதும். அந்தப் பெட்டியின் பெருமை என்ன? யார் எந்த வரியை மாற்றினாலும் புது வரி வரும், பழைய வரி சாகாது. யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று எழுதிக்கொள்ளும். அதோடு, மாற்றியவரிடம் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, "என்ன காரணம்?" என்று கேட்கும். என் கல்யாணமான இந்த நாற்பது வருடத்தில், ஒரு காரியம் ஏன் செய்தேன் என்று என்னை மரியாதையாகக் கேட்டது அந்தக் கட்டம் ஒன்றுதான்!

ஜெயமேரி, வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்த்தா, சனங்க பாக்குறாங்க.

இப்படியிருக்க, போன மாதம் நடந்தது என்ன? ஒத்திகைக்கு முதல் நாள் மரியசெல்வியின் கடையில் வைத்து நாடகத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். இருபத்தேழு ஆண்டுகளாக மன்னன் வேடம் கட்டும் மாவேந்தன், பகலெல்லாம் சம்பங்கித் தோட்டத்தில் களை பிடுங்கும் பூவேந்தன், என் தோழன் சடையாண்டி கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். மன்னன் சாகும்போது மகளிடம் பேசும் வசனம் நாற்பத்திரண்டு வரி. ஒரே மூச்சில் பேசுவான். அந்த ஒரு மூச்சுக்காகத்தானே நத்தத்திலிருந்து வண்டி கட்டி வருகிறார்கள்? அந்த நாற்பத்திரண்டு வரி பதினோரு வரியாகக் குறைந்து கிடந்தது.

"யாரு வெட்டுனது?" என்றான். வாத்தியார் தான் இல்லை என்றார். மரியசெல்வி அங்கேயே கம்ப்யூட்டரில் பார்த்தாள். கறுப்புத் திரையில் மாற்றியவர் பெயர் வந்தது. அவள் பெயர்! அவளுக்கே முகம் வெளுத்துவிட்டது. காரணம் இருக்க வேண்டிய இடத்திலோ வரிசையாகக் கேள்விக்குறி. அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாதாம்.

"நான் வெட்டல சித்தப்பா. பழைய வரி பத்திரமா இருக்கு, இப்பவே திருப்பி வச்சுர்றேன்."

"வரி கெடக்குது வரி! இருவத்தேழு வருசம் பேசுன வாயி இது. படிச்சிட்டோம்ங்கிற திமிருல எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வெட்டுவியா? வெட்டுனவக ஊர் முன்னால வந்து ஒத்துக்கிடட்டும். அதுவரைக்கும் இந்த மூஞ்சில அரிதாரம் ஏறாது!"

துண்டை உதறித் தோளில் போட்டான், போய்விட்டான். திருவிழாவுக்கு இருபது நாள். மன்னன் இல்லாமல் மகரகேது நாடகமா? பழி முழுவதும் அந்தப் பிள்ளை தலையில். தெருவில் போனால், "நாடகத்தைக் கெடுத்தவ போறா" என்று பேசினார்கள். பேசுனதுல பாதிப் பேரு இங்க முன்னாடிதான் உக்காந்திருக்கீங்க, பேரு சொல்லவா?

வெட்டியவன் யார்? மக்களே, வெட்டியவன் இதோ, இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறான்!

மரியசெல்வி தன் அக்கா வளைகாப்புக்காக நத்தம் போன அன்று, "தாத்தா, செத்த கடையப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெட்டி அவள் பெயரிலேயே திறந்து கிடந்தது. ஒற்றை விரலால் முப்பத்தொரு வரியை அழித்தேன். கட்டம் வந்தது. காரணம் கேட்டது. சுற்றிலும் யாருமில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் முழங்காலிட்டது போல எனக்கு இருந்தது. அங்கே சொன்னது அங்கேயே இருக்கும், வெளியே வராது என்றுதானே சிறுவயதில் சொல்லிக்கொடுத்தார்கள்? மனசில் இருந்ததை அப்படியே தட்டி, உள்ளே அனுப்பினேன். என்ன தட்டினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பங்குச்சாமி சிரிக்கிறாரு பாருங்க. சாமி, ஒங்க தொட்டி பத்திரமா இருக்குல்ல?

"தாத்தா, அன்னிக்கு நீங்க எதையாவது தொட்டீங்களா?" என்று மரியசெல்வி கேட்டாள். "பேப்பரத் தவிர எதையும் தொடலத்தா" என்று சொன்னேன். சொல்லும்போது என் கண் பேப்பரை விட்டு எழவில்லை.

அப்போது அந்தப் பெண் என்ன செய்தாள்? அழுதாளா? ஓடி ஒளிந்தாளா? "கறுப்புத் திரைய யாரும் நம்ப மாட்டாங்க. பெட்டிக்கு ஒரு சன்னல் வைக்கப்போறேன்" என்றாள். இணையப் பக்கம் போல, பட்டனைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். இடது பக்கம் பழைய வரி, வலது பக்கம் புது வரி, வெட்டிய வரி சிவப்பில். பெயரும், நேரமும், காரணமும், தமிழிலேயே தெரியுமாம்.

அதன் பிறகு எனக்குப் பேப்பரில் ஒரு வரி ஓடவில்லை!

அந்தச் சன்னலை டெலிபோன் ஒயர் வழியாக இறக்க வேண்டும். பாதி இறங்கும்போது யாராவது போனைத் தூக்கினால், அறுந்து போகும். முதல் நாள் மூன்று முறை அறுந்தது. இரண்டு முறை தூக்கியது நான். "ஜெயமேரிகிட்ட சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு கேட்டேன்த்தா" என்றேன். என் வீட்டில் போனே கிடையாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? போனைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இறங்கியது. ஏற்றினாள். ஓடவில்லை. அது ஓட இன்னொன்று வேண்டுமாம், அதையும் இறக்கினாள். பக்கம் வந்தது. ஆனால் தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் கிடந்தது. "அந்தோணியாரே, ஒமக்கு ஒரு மெழுகுவத்தி" என்று நேர்ந்துகொண்டேன். அவளோ ஆறு நாள் உட்கார்ந்தாள். அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றுவாள், நிறுத்துவாள், ஓட்டுவாள், பார்ப்பாள். மறுபடி மாற்றுவாள். கரண்ட் போகும், காத்திருப்பாள். ஏழாம் நாள் சாயங்காலம் கட்டமெல்லாம் கலைந்து கன்னித்தமிழ் வந்து நின்றது. மெழுகுவர்த்தியை நான் ஏற்றவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிக்கூட அறையில் கம்ப்யூட்டரை வைத்தாள். ஊரே கூடியது. சடையாண்டியைக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைத்தார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மரியசெல்வி தட்டினாள். முப்பத்தொரு வரி சிவப்பாக வந்தது. நேரத்தைப் பார்த்து வாத்தியார் சொன்னார், "இந்த நேரத்துல இந்தப் பிள்ள நத்தத்துல எனக்குப் பாயாசம் ஊத்துச்சுப்பா!" பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கட்டத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"சாமி, சடையாண்டிக்கு மூச்சு இழுக்குது. போன வருசம் கடைசி வசனத்துல நடுவுல நின்னான். நடிப்புன்னு சனங்க கை தட்டுச்சு. நடிப்பு இல்ல சாமி, பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும். சொன்னா கேக்க மாட்டான், ரோசக்காரன். அவன் மேடையில விழுந்துட்டா நான் அப்புறம் யாருகிட்ட வம்பு பேசுவேன்? அதான் வெட்டுனேன். அவன்கிட்ட சொல்லாதீங்க."

கையெழுத்து இல்லை. தேவைப்படவும் இல்லை. அறையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

சடையாண்டியின் மனைவி பொன்னழகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணன ஒண்ணுஞ் சொல்லாதீக. ராத்திரியெல்லாம் இவுக ஒக்காந்தேதான் தூங்குறாக. நாந்தேன் அண்ணங்கிட்டச் சொன்னேன்."

சடையாண்டி எழுந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். என்னிடம் வரவில்லை. மரியசெல்வி முன்னால் போய் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "ஆத்தா, ஒன்னையத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத" என்றான். இருபத்தேழு வருடத்தில் மன்னன் துண்டை எடுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். "ஏலே அறிவு கெட்டவனே! வெட்டுனதுதான் வெட்டுன, பாத்து வெட்டக்கூடாது? மகுடத்தப் பத்துன வெட்டிப் பேச்ச எல்லாம் விட்டுட்டு, மகளுக்குச் சொல்ற வரியப் போயி அழிச்சிருக்க! அழுகிற எடம் எதுன்னு பபூனுக்கு எங்க தெரியும்?"

"மூச்சு விட்டுப் பேசுடா, இழுக்கப்போகுது" என்றேன். அதற்கும் திட்டினான். திட்டத் திட்ட என் நெஞ்சு குளிர்ந்தது, தோழர்களே, திட்டத் திட்டக் குளிர்ந்தது!

நாற்பத்திரண்டு வரியும் திரும்ப வந்தது. காரணம் கேட்டது கட்டம். சடையாண்டி சொல்லச் சொல்ல மரியசெல்வி தட்டினாள். "எல்லா வரியும் இருக்கட்டும். நான் நிக்கிற எடத்துல சிலுவமுத்து பேசட்டும். அவன் வாயி என்னைக்கும் ஓயாது." போய்ப் பாருங்கள், இன்றும் அந்தச் சன்னலில் அப்படியே இருக்கிறது.

மரியசெல்வி! ஆத்தா! நீ பழி சுமந்தது ஒன்பது நாள். ஒரு வார்த்தை சொல்லி நான் இறக்கி வைத்திருக்கலாம். சொல்லவில்லை. அவன் ரோசத்தைக் காக்கிறேன் என்று உன் பேரைப் பணயம் வைத்தேன். பேப்பருக்குப் பின்னால் ஒளிந்த இந்தக் கிழவன் ஊர் முன்னால் நின்று கேட்கிறேன், மன்னிச்சிரு.

என்னத்தா சொல்ற? சத்தமாச் சொல்லு, ஊருக்குக் கேக்கட்டும். "போனத் தூக்குனப்பவே தெரியும்"ங்குறா! கேட்டீங்களா? முதல் நாளே தெரிந்தவள், நானாக வந்து சொல்லட்டும் என்று ஒன்பது நாள் காத்திருக்கிறாள்! பெரியவர்களே, எதற்கு வைத்த சன்னல் அது? அவள் பேரைக் காப்பாற்றவா? என் வாயைத் திறக்கவா?

பங்குச்சாமி மணிய எடுத்துட்டாரு. முடிச்சிர்றேன் சாமி.

இன்னும் சற்று நேரத்தில் திரை விலகும். கடைசிக் காட்சியில் மன்னன் மகள் மடியில் சாய்வான். பேசிக்கொண்டே வருவான். ஓரிடத்தில் நிற்பான். அது எந்த இடம் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. போன ஆண்டு அங்கே கை தட்டினீர்கள். இந்த ஆண்டு உங்கள் பாதம் தொட்டுக் கேட்கிறேன், தட்டாதீர்கள்! அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுங்கள், இருமுகிறவர் வெளியே போய் இருமுங்கள். அந்த இடத்தில் எனக்கு அவன் மூச்சு காதில் விழ வேண்டும். அது விழுந்தால்தான், விட்ட வரியை நான் எடுக்க முடியும்.

என் வாயை இவ்வளவு நேரம் பொறுத்த வாத்தியாருக்கும், மணியைப் பிடித்த கைக்கும், பாய் விரித்த தாய்மாருக்கும், கீரனூர்ச் சனத்துக்கும், சன்னல் வைத்த மகராசிக்கும் நன்றி. திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் மாமன்னருக்கும் உங்களுக்கும் சேர்த்து, இந்தப் பபூனின் வணக்கம்.

ஏலே சடையாண்டி, வாரேன்டா! மீசைய நேரா ஒட்டு!