நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்

பொதுவாகவே நான் யோசிக்காமல் எதையும் சொல்கிறவன் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. அந்த நாற்காலியில் பின்னல் அறுந்திருக்கிறது, இதில் உட்காருங்கள். ஏட்டையா எழுதுவதற்கு வசதியாக மேசையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். நேற்று ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டதுமே எதற்கென்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஆள் வந்து நாளாகிறது, அதனால் தூசி தட்டினேன்.

பெயர் தேவசிகாமணி. வயது அறுபத்தேழு. பாளையங்கோட்டையில் இதே வீட்டில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். மனைவி இன்பமணி இறந்து மூன்று வருடம் எட்டு மாதம் ஆகிறது. ஒரே மகன் ஹெப்ரான் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான்.

அரசாங்கத்தில் எனக்குப் பயிர் மகசூலை மதிப்பிடுகிற வேலை. ஒரு தாலுகாவில் எவ்வளவு நெல் விளைந்தது என்று சொல்ல எல்லா வயலையும் அறுத்து நிறுக்க முடியாது. ஊருக்கு இரண்டு வயலைச் சீட்டுப் போடுவதுபோல எண்களை வைத்து எடுப்போம். அந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து எழுதுவோம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் முப்பத்துமூன்று வருடம் இதைச் செய்தேன். அந்தச் சின்னச் சதுரத்திலிருந்து தாலுகா முழுவதற்கும் கணக்குச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு விதி உண்டு. சீட்டில் வந்த வயலை மாற்றக் கூடாது.

பத்தமடைக்குப் பக்கத்தில் ஒரு பிசானத்தில் சீட்டில் வந்த வயல் சாரம்மாள் என்ற பெண்ணுடையது. குலைநோய் வந்து கதிரெல்லாம் பதராகி நின்றது. பக்கத்து வயல் நன்றாக விளைந்திருந்தது. நான் கயிற்றை அங்கே கொண்டுபோய்க் கட்டினேன். அந்த அம்மாள் வரப்பில் நின்று, "சார், சீட்டுல வந்தது எங்க வயலுதானே" என்று கேட்டாள். ஒரு வயல் ஒரு தாலுகா ஆகாது என்று சொன்னேன். அவள் வயலை எழுதியிருந்தால் அந்த ஊருக்குச் சேதம் என்று பதிவாகி நிவாரணம் கிடைத்திருக்கலாம். ஆனால் அது மற்ற வயல்களோடு ஒத்துப்போகவில்லை. என் கணக்குகள் ஒருபோதும் வரிசை தப்பியதில்லை என்று மேலதிகாரிகள் சொல்வார்கள்.

இன்பமணி போனபிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சில நாள் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்திருக்கும். சாயங்காலம் யாராவது போன் செய்தால் தொண்டையைச் செருமிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்போதுதான் சமாதானபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற எஸ்றா என்னை அந்த ஃபேஸ்புக் குழுவில் சேர்த்துவிட்டான். 'பொருநைக்கரைச் சொந்தங்கள்' என்று பெயர். அன்றைக்கே நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

முதலில் நான் ஒன்றும் எழுதவில்லை, வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் யாரோ வெளிநாடு போன பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதன் கீழே, "வெளிநாடு போகிற பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டு வருடத்தில் பெற்றவர்களை மறந்துவிடுகிறார்கள். இது அவர்கள் குற்றமில்லை, இயல்பு" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் முந்நூறு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். சார், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அண்ணாச்சி, உள்ளதைச் சொன்னீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அன்று சாப்பிட மறந்துபோனேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பிறகு தினமும் எழுதினேன். மருமகள்களைப் பற்றி, டாக்டர்களைப் பற்றி, சென்னைக்காரர்களைப் பற்றி, வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி. எதுவானாலும் ஒரு கணக்குச் சொல்லுவேன். எண் இருந்தால் ஜனங்கள் நம்புகிறார்கள். ஒரே ஒருவர், "சார், இது எங்கே எடுத்த கணக்கு?" என்று கேட்டார். முப்பத்துமூன்று வருட அனுபவம் என்று எழுதினேன். அவரை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். என்னிடம் பாஸ்போர்ட் கூட இல்லை, அம்மா. அதிக தூரம் போனது ஒரு பயிற்சிக்காக விசாகப்பட்டினம்.

எஸ்றாவுக்குக் கடையில் வேலை அதிகம். "அண்ணாச்சி, நீங்களே பாத்துக்கிடுங்க" என்று குழுவை நடத்துகிற பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டான். புதிதாகச் சேர்கிறவர்கள் எழுதுவது நேரே குழுவில் வராது. முதலில் எனக்கு வரும். நான் அனுமதித்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும்.

மார்ச் மூன்றாம் தேதி ஷம்ஸியா எழுதியிருந்தாள். மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயது இருக்கலாம். கணவர் ஹசன் அலிக்குச் சவூதியில், தம்மாமில் ஏசி பழுது பார்க்கிற வேலை. பதினோரு நாளாகப் போன் அணைந்திருக்கிறது. கம்பெனியில் கேட்டால் வேலைக்கு வரவில்லை என்கிறார்கள். அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒரு படமும் போட்டிருந்தாள். வலது காதின் மேல் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு உள்ள மனிதர், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற படம்.

நான் மரியாதையாகத்தான் எழுதினேன். "தங்கையே, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். வளைகுடாவில் திடீரென்று போனை அணைத்துவிடுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வேண்டுமென்றேதான் அணைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே இன்னொரு குடும்பம் இருக்கும்." அறுநூறு பேர் அதை ஆமோதித்தார்கள். அதற்குக் கீழே வந்ததற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. "ஏலே, அவன் அங்கன பிரியாணி தின்னுக்கிட்டு இருப்பான், இவ இங்கன தேடுதா" என்று ஒருவன். "மாப்ள செட்டில் ஆயிட்டாரு வே" என்று இன்னொருவன். இரண்டாம் நாள் அவள் தன் பதிவை எடுத்துவிட்டாள். அதற்குள் அவள் தெருவில் எல்லோரும் படித்திருந்தார்கள்.

மார்ச் பதினொன்றாம் தேதி ஆரிப் என்ற புதிய ஆள் எழுதியது என் அனுமதிக்கு வந்தது. குலசேகரன்பட்டினத்துக்காரர், தம்மாமில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. ரோட்டில் அடிபட்டு ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கையில் எந்த அட்டையும் இல்லை. பெயர் தெரியாதவர் என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு தடவை கண் விழித்து மேலப்பாளையம் என்று சொன்னார், வேறு பேச்சு வரவில்லை, வீட்டாரைக் கண்டுபிடிக்க உதவுங்கள் என்று எழுதியிருந்தார். தலையில் கட்டுப் போட்ட ஒரு முகத்தின் படமும் இருந்தது.

பார்த்ததும் தெரிந்துகொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஷம்ஸியா போட்டிருந்த படத்தை என் போனில் சேமித்து வைத்திருந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே வலது காது தெரிந்தது.

அனுமதி மறுக்கிறேன் என்பதை அழுத்தினேன். காரணம் கேட்கும் இடத்தில் "உறுதிப்படுத்தப்படாத தகவல்" என்று போட்டேன். அப்போது எனக்கு அது சரியாகவே பட்டது.

இரண்டு நாள் கழித்து ஷம்ஸியா வந்தாள். நீங்கள் இருக்கிற இதே நாற்காலி. கூட அவள் அண்ணன் அலி அக்பர், உங்களிடம் புகார் கொடுத்தவர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கப் போகிறார்களாம். தூதரகத்துக்கு எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும், மனுவை நான் நன்றாக எழுதித் தருவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னுடைய கருத்துதான் அவளைத் தெருவில் தலைகுனிய வைத்தது. அதை அவள் மனத்தில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள்.

"அவுக அப்பிடிப்பட்டவுக இல்ல சார்" என்றாள். "அசர் தொழுதுட்டு ஒரு நாள் தவறாம கூப்புடுவாக. புள்ள ஓதுததக் கேட்டுட்டுதான் வைப்பாக."

"எல்லாரும் இதையேதான் சொல்லுதாக, அம்மா" என்றேன்.

அலி அக்பர் கொஞ்சம் கோபக்காரர். "நீங்க அவன நேருல பாத்திருக்கியளா சார்?" என்று கேட்டார். ஆயிரம் பேரைப் பார்த்தவனுக்கு ஒருவனைப் பார்க்க வேண்டியதில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். மனுக் கொடுத்தால் விசாரணை வரும், அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருப்பது வெளியே வந்தால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத்தான் அசிங்கம், ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்றேன். அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது இந்தப் போன், இதோ இந்த இடத்தில்தான், அதிர்ந்தது. ஆரிப் இரண்டாவது தடவை எழுதியிருந்தார். அதே படம். அவள் கண் இயல்பாகப் போன் பக்கம் போனது. நான் அதைத் திருப்பி, முகம் மேசையில் படும்படி வைத்தேன். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். நோன்பு என்றாள். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். அந்த வாரம் என் வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் மனுக் கொடுக்கவில்லை.

மார்ச் இருபதாம் தேதி ஆரிப் மூன்றாவது தடவை எழுதினார். இது சின்னது. எனக்கு மனப்பாடமாகவே இருக்கிறது. "இவர் கண் திறந்து பார்க்கிறார். யாரையோ தேடுகிறார். பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள். வீட்டு ஆள் யாராவது போனில் பேசினால்கூடப் போதும், நான் காதில் வைத்துப் பிடிக்கிறேன்." அதையும் மறுத்தேன். பிறகு ஆரிப்பைக் குழுவிலிருந்து நீக்கி, மறுபடி சேரமுடியாதபடி தடை செய்தேன். ஹசன் அலி ஏப்ரல் இரண்டாம் தேதி இறந்தார். முதல் தகவல் என் கைக்கு வந்து இருபத்திரண்டு நாள். பெயரில்லாமலே அங்கே அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஜூனில் விடுமுறைக்கு வந்த ஆரிப் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் ஒவ்வொரு டீக்கடையாகக் காட்டியிருக்கிறார். மூன்றாவது கடையில் தெரிந்துபோனது. உங்கள் குழுவில் மூன்று தடவை எழுதினேனே, யாரும் பார்க்கவில்லையா என்று அவர் கேட்டிருக்கிறார். அலி அக்பர் அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறார். அதில் எந்தத் தவறும் இல்லை.

நான் மறுத்ததெல்லாம் தேதி வாரியாக இந்தப் போனில் பதிவாகியிருக்கும். எதையும் அழிக்கவில்லை. அழித்தால் ஒப்புக்கொள்ளாததுபோல ஆகிவிடும். ஒப்புக்கொள்கிறேன். அவர்தான் என்று தெரிந்தே மறைத்தேன். அவர் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தபோதும் மறைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பெயர் கெட்டுவிடும் என்ற பயமா என்றால், கொஞ்சம் உண்டு. அறுநூறு பேர் ஆமோதித்ததை எட்டே நாளில் பொய் என்று போடுவது சுலபமில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. ஹெப்ரான் கடைசியாகக் கூப்பிட்டது இன்பமணியின் முதல் வருட நினைவு ஜெபத்துக்கு முந்தின ஞாயிறு. வரமுடியாது, லீவு இல்லை என்றான். சரி என்றேன். வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் போகும், எடுக்கமாட்டான். இப்போது அந்த எண்ணே இல்லை என்று வருகிறது. இரண்டு வருடம் எட்டு மாதம்.

தூரத்தில் இருக்கிறவர்கள் எல்லோருமே வேண்டுமென்றேதான் கூப்பிடுவதில்லை என்றால் அது இயல்பு. மழை பெய்வதுபோல. யார் மேலும் குறை இல்லை. ஆனால் ஒரு ஆள் கட்டிலில் கிடந்துகொண்டு, பேச்சு வராமல், ஊர்ப்பெயரை மட்டும் சொல்லித் தேடுகிறான் என்றால், கூப்பிட முடியாதவன், கூப்பிடாதவன் என்று இரண்டு வகை ஆகிவிடும். இரண்டு வகை ஆனால் ஹெப்ரான் எந்த வகை என்று நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு இந்த வயதில் எனக்குத் தெம்பு இல்லை.

ஷம்ஸியாவிடம் மன்னிப்புக் கேட்பீர்களா என்றால் கேட்பேன். அவள் சொன்னது அவள் கணவர் விஷயத்தில் சரியாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், ஏட்டையா இதையும் எழுதிக்கொள்ளட்டும். நான் சொன்ன கணக்கு தப்பில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றுதான் சொன்னேன், நூறு என்று சொல்லவில்லை. ஹசன் அலி அந்த மிச்ச ஐந்தில் ஒருவர்.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? இதோ போன். ஒரு வேண்டுகோள் உண்டு, அம்மா. இன்று வெள்ளி. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தந்துவிடுங்கள். முடியாவிட்டால் சார்ஜ் மட்டும் போட்டு வையுங்கள், இதற்குப் பத்து மணி நேரம்தான் நிற்கும். போன் அணைந்து கிடந்தால் ஹெப்ரான் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வான்.