தேங்காய் வாசனைப் பெட்ரோல்

காப்பி கொஞ்சம் கசக்கும், லெப்டினன்ட் அம்மா. சர்க்கரை வேண்டுமானால் ஜன்னலோரம் அந்தத் தகர டப்பாவில் இருக்கிறது. எறும்பு வராது, இந்தப் பட்டறையில் சுத்தத்துக்கு என்றைக்கும் குறை இருந்ததில்லை.

எஃப்ராயின் செத்த ரேஸ் விபத்தைப் பற்றிய உங்கள் போலீஸ் அறிக்கையைப் படித்தேன். "என்ஜினைக் கட்டியவரின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்லித் தந்தது என்று கேட்க மாட்டேன். மீன்பிடி படகின் மோட்டாரைப் பிரித்துப் பார்த்த யாராவது ஒரு நிபுணராக இருப்பார். ரோட்டரி என்ஜின் ஏன் செத்தது என்று திறந்து பார்த்துச் சொல்ல இந்தத் தீவில் ஆள் குறைவு. மற்றவர்களைப் பற்றிப் பேசி உங்கள் காப்பியை ஆறவைக்க விரும்பவில்லை.

இதுதான் எஃப்ராயினுக்கு நான் கட்டித் தந்த என்ஜின். நீங்களே திருப்பித் தந்தது. இதில் பிஸ்டன் கிடையாது. இந்த முக்கோண ரோட்டர் இந்த உலோகக் கூட்டுக்குள் சுழலும். மூன்று முனையிலும் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, கூட்டின் உள்சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். பட்டை காய்ந்துபோகாமல் இருக்க ரேஸ்காரர்கள் பெட்ரோலிலேயே எண்ணெய் கலப்பார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் பட்டை சூடேறி நீலம் பாரித்து உடையும். உடைந்த துண்டு வெளியேறுகிற வழியில் டர்போவை, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறியை, சிதைக்கும். டர்போவின் எண்ணெய் தரையில் கொட்டும், பின் டயர் அதன்மேல் ஏறும். அந்த வேகத்தில் அப்புறம் ஓட்டுகிறவன் கையில் எதுவும் இல்லை. பாதையோரச் சுவர்தான்.

இந்தப் பட்டையின் நீலத்தைப் பாருங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூடப் போகாத என்ஜின் இது. இதில் கட்டியவனின் கவனக்குறைவு எங்கே வந்தது?

எஃப்ராயின் என் தங்கை நெரெய்தாவின் கணவன். நல்லவன் என்று ஊரே சொல்கிறது. இறந்தவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? அவனுக்குத் தெரிந்தது வலது காலை அழுத்துவது மட்டும். அதற்கே கைதட்டல். அவன் பெட்ரோலில் தேங்காய் வாசனை கலப்பான். கார் புகை விட்டதும் வேலிக்கு அந்தப் பக்கம் வறுவல் தின்றுகொண்டிருக்கிற கூட்டம் மூக்கை உறிஞ்சி, "எஃப்ராயின் வந்துட்டான்டா" என்று கத்தும். அந்தக் காரை ஓடவைத்தவன் பெயர் அங்கே ஒருவனுக்கும் தெரியாது.

இங்கே எல்லோரும் ஏதாவது வாசனை கலக்கிறவர்கள்தான். திராட்சை, ஸ்ட்ராபெரி, என்னென்னவோ. முதலில் எண்ணெய், கடைசியில் வாசனை. அதனால் கேனைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். வாசனை வந்தால் எண்ணெய் கலந்தாயிற்று என்று அர்த்தம். என்ஜினுக்காக வீட்டை அடகு வைக்கிறவர்கள், அதன் உயிரை மூக்கை நம்பி ஒப்படைக்கிறார்கள். இதை நான் பல வருடமாகக் கவனித்து வந்திருக்கிறேன்.

அவனுக்குக் கட்டித் தந்த முதல் மூன்று என்ஜின்களும் சீக்கிரமே தேய்ந்துபோயின. ஒரு பருவம் முழுக்க ஓட வேண்டியவை, சில வாரங்களில் மூச்சு வாங்கின. திறந்து பார்த்தேன். எண்ணெய் போதவில்லை என்று சொன்னேன். புகை அதிகமானால் ஜனங்கள் எடுக்கிற படத்தில் முகம் தெரியாது என்று கஞ்சத்தனமாகக் கலக்கிறான் என்றும் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் என் என்ஜினைக் குறை சொன்னான்.

வறுவல் கடை முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "கடற்கரைக்கு எதுக்குடா போறீங்க? நம்ம மச்சான் கட்டுன என்ஜினைத் திறந்தாப் போதும், உள்ள அவ்வளவு மணல். துண்டு மட்டும் எடுத்துட்டு வாங்க."

கடைக்காரி எண்ணெய்ச் சட்டியில் கரண்டியை விட்டுவிட்டுச் சிரித்தாள். மறுவாரமே எனக்கு "மணல் மாஸ்டர்" என்று பெயர் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். பழைய கூடுகளை நான் மணல் பீய்ச்சித்தான் சுத்தம் செய்வேன். பிறகு காற்றடித்துவிட்டால் போதும். இத்தனை வருடமாக அப்படித்தான். நெரெய்தா பல் ஆஸ்பத்திரியில் இடுக்கி கழுவுகிறவள். அவள் வந்து அலமாரியில் இருந்த அந்த மூன்று கூடுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். பூனை பிறாண்டியது போல நீளநீளமாகக் கீறல் இருந்தது.

"அண்ணா, இது எண்ணெய் இல்லாம வந்த மாதிரி தெரியலையே. எண்ணெய் இல்லேன்னா கருகும், நீலமாகும்னு நீதானே சொல்லுவ? இது ஏதோ பொடி உள்ள போய் அறுத்திருக்கு. காத்தடிச்சா இடுக்குல இருக்கிற மணல் எப்படிப் போகும்? சோப்புத் தண்ணி போட்டுக் கழுவணும்."

"பல்லு வேற, என்ஜின் வேறம்மா" என்றேன்.

"சரி, ஒரு தடவை நான் கழுவித் தரேன். எண்ணெயை அவர் எப்பவும் போலக் கலக்கட்டும். இதுவும் தேஞ்சுபோச்சுன்னா, தப்பு அவர் மேலதான்னு நானே ஊரைக் கூட்டிச் சொல்றேன். போதுமா?"

எஃப்ராயின் சிரித்தான். "நல்லா ஓடுச்சுன்னா போர்டுல 'மணல் மாஸ்டர்'னு எழுதிடலாமா மச்சான்? பெயின்ட் நான் வாங்கித் தரேன்."

கேலிதான். எனக்குக் கேலி புரியாமல் இல்லை. ஆனால் அந்த என்ஜின் நன்றாக ஓடிவிட்டால், என்னிடம் காரை விடுகிற கடைசி ஆளும் போய்விடுவான், நான் சாகும்வரை அந்தப் பெயரோடுதான் இருக்க வேண்டும் என்பதும் புரிந்தது. நெரெய்தா இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பல் துலக்குகிற பிரஷ் வைத்து ஒவ்வொரு துளையாகத் தேய்த்தாள். வெந்நீர், சோப்பு, மறுபடி வெந்நீர். பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினாள். நான் கட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக எதையும் கட்டியதில்லை.

ரேஸ் அன்று காலை எஃப்ராயின் கறுப்புக் கேனில் பெட்ரோலைக் கலந்து வைத்துவிட்டு, பெயர் கொடுக்கப் போனான். அதே மாதிரி இன்னொரு கேன் என் வண்டியில் இருந்தது. அதில் பெட்ரோலும் தேங்காய் வாசனையும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. திரும்பி வந்தவன் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"ஆங், தேங்காய்" என்று கண்ணடித்துவிட்டு ஊற்றினான்.

இரண்டு ஓட்டம் நன்றாகவே போயிற்று. மூன்றாவது ஓட்டம் முடிந்து வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே என்னைக் கூப்பிட்டான். "மச்சான், இழுவை குறையுது. சத்தமும் ஒரு மாதிரி இருக்கு. வந்து கொஞ்சம் கேளேன்."

கேட்டேன். பட்டைகள் கூட்டின் உள்சுவரில் தத்துகிற சத்தம். இந்தத் தீவில் அந்தச் சத்தத்தை இன்னதென்று சொல்லக்கூடியவன் நான்தான், அவன் என்னிடம்தான் கேட்டான். "உன் காதுலதான் கோளாறு" என்றேன். டர்போ அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் நானே ஏற்றிவிட்டேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு நாலாவது ஓட்டத்துக்குப் போனான்.

என்ஜின் மட்டும் போகும் என்று நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், நான் அதைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். கொட்டிய எண்ணெயில் தேங்காய் வாசனை இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அது டர்போவின் எண்ணெய் என்று நினைவு வந்தது.

சாவு வீட்டில் வழக்கப்படி சூடான சாக்லேட்டும் சீஸும் கொடுத்தார்கள். நெரெய்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நான் சரியாக் கழுவலையா? எங்கயாவது சோப்பு ஒட்டிக்கிட்டு இருந்துச்சா? அதனாலயா?"

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, பல்லு வேற" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சவப்பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன், சம்பிரதாயம் அது.

அப்புறம் உங்கள் அறிக்கை வந்தது. அதைப் படிக்கும்வரை நான் நிம்மதியாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவன் கஞ்சத்தனத்தால் செத்தான் என்று நீங்கள் எழுதியிருந்தால் இந்தக் காப்பியை உங்களுக்குப் போட்டிருக்க மாட்டேன். கட்டியவன்மேல் பழி போட்டீர்கள். அதை என்னால் விட முடியாது. பின்னால் கொட்டகையில், பழைய டயர்களுக்குக் கீழே, அவன் கலந்து வைத்த கேன் அப்படியே இருக்கிறது. திறந்து பாருங்கள். எண்ணெயைச் சரியான அளவில்தான் கலந்திருக்கிறான். எப்போதும் சரியாகத்தான் கலந்திருப்பான்.

ஆகவே அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள். கேனை மாற்றியது அன்செல்மோ என்கிற நான், அழுத்தத்தை ஏற்றியது அன்செல்மோ, கொன்றது அன்செல்மோ. கட்டியதில் குறையில்லை. இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், இந்தக் கூட்டில் கீறல் எதுவும் இல்லை. அலமாரியில் இருக்கிற மூன்றிலும் இருக்கிறது. சில கூடுகள் அப்படித்தான், வார்க்கும்போதே வருகிற குணம். நெரெய்தா கழுவியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை எழுத வேண்டாம்.