தளம் போடும் நாளில் தண்ணீர் குடிக்காதவள்

அவைக்குத் தலைமையேற்ற சங்கத் தலைவர் அவர்களே, அருகில் வீற்றிருக்கும் ஒப்பந்தக்காரர் ஐயா அவர்களே, கரணை பிடித்துக் கை காய்த்த பெரியோர்களே, சட்டி சுமந்த களைப்போடு வந்தமர்ந்த தாய்மார்களே! இந்த மேஸ்திரியின் வணக்கம்.

வெயிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெயிலில் வெந்தவர்களுக்கே வெயில் பாடமா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் வரை நானும் சிரித்தவன்தான்.

போன மாதம் ஒரு மாடிக்குத் தளம் போட்டோம். அன்று எங்கள் தொழிலில் ஒரே சட்டம்: கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றும் வரிசை நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் காய்ந்த கலவையோடு புதுக் கலவை சேராமல் ஒட்டு விடும். ஒட்டு விட்டால் ஒழுகும். அந்த வரிசையில் நின்றவள் என் உடன்பிறந்த அக்கா.

மதியம் இரண்டு மணி. சட்டியைக் கீழே போட்டாள். "யாருடா நீ? என் வீட்டுக்குள்ள ஏன் வந்த?" என்றாள். யாரிடம்? என்னிடம்!

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காதக்கா. சட்டிய எடு!" என்று அதட்டினேன். வேர்வைகூட இல்லை, நடிக்கிறாள் என்று நினைத்தேன். மேஸ்திரி மூளை! எடுத்தாள். இரண்டு சட்டி மாற்றினாள். மூன்றாவதில் சாய்ந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது.

கலவை இயந்திரம் ஓட்டும் அண்ணன்தான் ஓடி வந்தார். "நிழலுக்குத் தூக்கு! உடம்பு பூரா தண்ணி ஊத்து, விசிறு! மயக்கத்துல வாயில ஊத்தாத!" என்று கத்தியபடியே ஆம்புலன்ஸை அழைத்தார். நான்கு நாள் கழித்துத்தான் அக்கா கண் விழித்தாள்.

"தண்ணி குடிச்சிருக்கலாமே அக்கா?"

"குடிச்சா எங்கடா போறது? சுத்தியும் ஆம்பளைங்க. காலையிலேர்ந்து வாயே நனைக்கல."

என்னம்மா? "நாங்களும் அப்படித்தான்" என்கிறீர்களா? கேட்டீர்களா ஐயா? ஒரு குரல் இல்லை, ஒரு வரிசையே சொல்கிறது! தளம் ஒழுகுமே என்று பதறினேனே, அக்கா உயிருக்குப் பதறினேனா? வெட்கமாக இருக்கிறது.

தோழர்களே, வெயிலில் ஒருவர் உளறினால் அது திமிர் அல்ல, ஆபத்து! வேர்த்தாலும் ஆபத்து, வேர்க்காவிட்டாலும் ஆபத்து. அப்போது வேலையை நிறுத்துங்கள்.

ஒப்பந்தக்காரர் ஐயா, நாளைக் காலை உங்கள் கட்டிடத்துக்குத் தளம். மூன்று மாடி எழுந்துவிட்டது. பெண்களுக்கு ஒரு கழிப்பறை எழவில்லை. அதைக் கட்டுங்கள், உச்சி வெயிலில் ஆள் மாற்றி நிழலுக்கு அனுப்புங்கள், முதல் ஆளாக வருகிறேன். அதுவரை வரமாட்டேன். வேறு மேஸ்திரி கிடைப்பார் என்று நினைக்கிறீர்களா? கிடைப்பார். அவரும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எழுந்து நில்லுங்கள், மேஸ்திரிமார்களே! ஒருவர்... இருவர்... அதோ, கடைசி வரிசையும் எழுந்துவிட்டது. ஐயா, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என் அக்காவைத் தூக்கிய கைகளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!