குதிரைக்குக் கீழே பதினெட்டுப் பேர்

சனசமூக நிலைய நிர்வாக சபையினருக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வகுப்பில் உறுப்பெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். பரிசைத் தந்த ஆசிரியர் இன்று உங்கள் சபையில் பொருளாளராக இருக்கிறார். இது சோழகம் அடிக்கிற காலம். அந்தக் காற்று எலும்புக்குள் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு விரலில் இறங்கியிருக்கிறது. காலையில் சின்னவிரலும் மோதிரவிரலும் மடங்க மாட்டேன் என்கின்றன.

செயலாளரின் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. நிலையத்து அலுமாரியிலிருந்த நினைவு மலர்களை வெட்டியது நானா என்பது முதலாவது. ஓம், நான்தான். ஏன் வெட்டினேன் என்பது இரண்டாவது. அதற்கு ஒரு தாள் போதாது.

நான் கிற்றார் செய்கிறவன். ரியூசனில் பௌதிகம் படிப்பிப்பது சாப்பாட்டுக்கு; கிற்றார் செய்வது எனக்கு. நான் செய்வது நீங்கள் கலியாண வீடுகளில் பார்க்கும் கிற்றார் இல்லை. இதற்குப் பத்துக் கம்பிகள். கழுத்து நான்கு விரல் அகலம். நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, இரண்டு கைகளின் விரல்களாலும் கம்பியை மேலிருந்து தொட வேண்டும். மீட்டுவதே இல்லை. தொட்ட இடத்தில் சத்தம் பிறக்கும். இடக்கை அடித்தாளத்தைப் பார்த்துக்கொள்ள, வலக்கை பாட்டைப் பார்த்துக்கொள்ளும். யூரியூப்பில் பார்த்து, பூவரசில் உடலும் பழைய கூரையில் கழற்றிய முதிரை வளையில் கழுத்தும் வைத்து, இரண்டு வருடத்தில் முதலாவதைச் செய்து முடித்தேன்.

இதில் எல்லாமே கம்பியின் உயரந்தான். கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் தொட்டாலே பேசும். கூடினால் அழுத்த வேண்டும். இன்னும் கூடினால் குத்த வேண்டும். கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற சிறு கட்டையைக் குதிரை என்போம். குதிரையை உயர்த்தினால் கம்பி உயரும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இலகுவாக விளங்கும்.

செய்து முடித்தேனே தவிர, எனக்கு வாசிக்க வரவில்லை. மூளை ஒரு கைக்குத்தான் காணும், மற்றக் கைக்குப் போதாது. என் பக்கத்து வீட்டுப் பிரசாந்தனை உங்களுக்குத் தெரியும். திருவிழா இசைக்குழுவில் ஓகன் கட்டைகளை வாசித்தவன், பத்து விரலும் பழகியவன். அவனிடம் கொடுத்தேன். ஒரு விரலை வைத்தான், சத்தம் வந்தது, கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், உது நினைச்சாலே பாடும் போல கிடக்கு."

ஆறு மாதத்தில் அவன் வாசித்ததைக் கேட்டவர்கள் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டார். நோர்வேயில் இருக்கும் எங்கள் ஊர் ஒன்றியம் அதைப் பார்த்துத் தைப்பொங்கல் விழாவுக்கு அவனைக் கூப்பிட்டது. மூன்று மாத விசா. அவன் ஓடி வந்து என் வாசலில் நின்று சொன்னான். எனக்கும் விசா போடுவார்களா என்று கேட்டேன்.

"உனக்கென்னத்துக்கு மச்சான்? கிற்றார் வந்தாக் காணும்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

உண்மையான காரணம் பூட்டுகள். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. ஒன்பதில் பூட்டுத் தொங்குகிறது. ஒன்பது பேரும் போகும்போது கொஞ்ச நாளில் வருவோம் என்று சொல்லித்தான் போனார்கள். பிரசாந்தனும் அதையே சொன்னான்: "மூண்டு மாசம், பிறகு வந்திடுவன்." அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவன் போகாமல் இருப்பதற்கு யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று நீங்களே ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் தீர்மானம் போடுகிறீர்கள். தீர்மானத்தை நடைமுறைப்படுத்தியவன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமைகளில் கிற்றாரைத் துடைத்துச் சுருதி சேர்ப்பது என் வேலை. அப்போது குதிரைக்குக் கீழே ஒடுக்கமாக வெட்டிய ஒரு தாள் கீலம் வைக்கத் தொடங்கினேன். சனிக்குச் சனி, கிழமைக்கு ஒன்று. ஒரு தாளின் தடிப்பை எந்த விரலும் உணராது. முதலில் கொப்பித்தாள் வைத்தேன். பத்துக் கம்பியின் பாரத்தில் இரண்டு நாளில் நசிந்துவிட்டது. பத்திரிகைத்தாள் அதைவிட மோசம். அப்போதுதான் இறந்தவர்களின் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலர்ப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. வழுவழுப்பான நல்ல தாள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தால் இன்னும் நல்ல தாள். நிலையத்து அலுமாரியில் இருநூறுக்கு மேல் கிடந்தன, ஒருவரும் இரண்டாம் முறை திறக்காமல். வெட்டி வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

பெரும்பாலும் ஓரங்களைத்தான் வெட்டினேன். தலைவர் சிவகுரு அண்ணையின் தகப்பனார், காலஞ்சென்ற சிவபாதம் அவர்களின் மலரில் ஓரமே இல்லை. படம் தாள் முழுவதும் இருந்தது. எனக்கு வேண்டியது ஆறு மில்லிமீற்றர் அகலக் கீலம். அவருடைய மீசையும் ஆறு மில்லிமீற்றர். வேண்டுமென்று செய்ததல்ல.

ஆறாம் கிழமை பிரசாந்தன் சொன்னான்: "மச்சான், கம்பி எழும்பின மாதிரிக் கிடக்கு."

"மாரி வரப்போகுதெல்லே, மரம் ஊதுது. வாசிக்க வாசிக்க இளகும்," என்றேன்.

நம்பினான். இரண்டு மணித்தியாலம் வாசித்தவன் நான்கு மணித்தியாலம் வாசித்தான். பெரிய மண்டபத்துக்குச் சத்தம் கனமாக வேண்டும் என்று சொல்லித் தடித்த கம்பிகளும் மாட்டிக் கொடுத்தேன். பத்தாம் கிழமை மணிக்கட்டு வீங்கியது. நோவெண்ணெய் நான்தான் வாங்கிவந்து பூசிவிட்டேன். ஓய்வெடுக்கவா என்று கேட்டான்; ஓய்வெடுத்தால் தசை இறுகிவிடும் என்றேன். பதினான்காம் கிழமை அவன் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. பதினெட்டாம் சனிக்கிழமை மடங்கிய விரல்கள் திரும்ப நிமிரவில்லை, இரண்டு கையிலும். யாழ்ப்பாணத்தில் வைத்தியர் பார்த்துவிட்டு, தம்பி கல் உடைக்கிறவரா என்று கேட்டார். தசைநாண்கள் நைந்துபோயினவாம். பெருவிரலும் சுட்டுவிரலும் ஓரளவு மிஞ்சும், மற்றவை மிஞ்சாது என்றார். அவன் அழுதான். ஊர் திரும்பும் குறிகட்டுவான் பஸ்ஸில் வழி முழுக்க அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான்.

தைப்பொங்கல் வந்தது, போனது. பிரசாந்தன் இங்கேயே இருந்தான். ஒழுங்கையில் பூட்டு இன்னும் ஒன்பதுதான்.

சித்திரையில் அவனுடைய அக்கா கஜாலினி, சும்மா தொங்கிக்கொண்டிருந்த கிற்றாரைத் துடைக்க எண்ணிக் கம்பிகளைக் கழற்றினா. குதிரை கழன்றது. பதினெட்டுக் கீலமும் நிலத்தில் கொட்டுண்டன. அவற்றை அள்ளிக்கொண்டு நிலையத்துக்கு வந்து பத்திரிகை மேசையில் பரப்பினா. நானும் அன்றைக்கு அங்கே இருந்தனான். விளையாட்டுப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

சிவகுரு அண்ணை குனிந்து பார்த்தார். "உது எங்கட அப்பாவின்ர மீசை."

"அண்ணை, மீசையை விடுங்கோ. என்ர தம்பியின்ர கையைப் பாருங்கோ."

"பிள்ளை, ஒவ்வொண்டா வருவம். முதல்ல மீசை."

ஒவ்வொன்றாக வந்ததில் கை இன்னும் வந்து சேரவில்லை. கூட்டக் குறிப்பில் 'நிலையச் சொத்துக்குச் சேதம்' என்று மட்டும் இருக்கிறது. பிறகு கூட்டம் மூன்று முறை தள்ளிப்போனது. கூட்டம் நடத்தத் தேவையான கோரத்துக்கு ஆளில்லை, பாதிச் சபை கனடாவில். நீங்கள் கேட்காததை நானாகவே எழுதுவது குறிப்பு முழுமையாக இருக்கட்டும் என்றுதான்.

மேசையில் கீலம் பரப்பியதற்கு அடுத்த சனிக்கிழமை பிரசாந்தன் என் வீட்டுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். எந்தக் கையால் என்ற யோசனை எனக்குப் பிறகுதான் வந்தது. கதிரையில் இருந்தான். கோப்பையை நான் பிடிக்கத் தேத்தண்ணி குடித்தான். பிறகு, "நீ வாசி மச்சான்," என்றான்.

அன்றிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். அவன் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறான். என் மூளைக்கு இரண்டு கை காணும் என்று அவன்தான் கண்டுபிடித்தான். கோபம் இருந்தால் ஒருவன் இப்படிச் செய்வானா? இதைச் சபை கவனிக்க வேண்டும். ஒன்றியமும் கேள்விப்பட்டு, வாசித்தவனுக்கு ஏலாது என்றால் செய்தவன் வரட்டும் என்று எழுதியது. நானாகக் கேட்கவில்லை. ஒன்பதாம் மாதம் பயணம். மூன்று மாதந்தான், பிறகு வந்துவிடுவேன். என்னுடைய விஷயத்தில் நீங்கள் பூட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஆகவே, செயலாளர் அதே கடிதத்தின் அடியில் குறித்திருக்கும், ஆறு மாதம் நிலையத்துக்குள் நுழையக் கூடாது என்ற தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். அதில் மூன்று மாதம் எப்படியும் இங்கே இருக்க மாட்டேன். கீலங்களை உரிய மலர்களில் ஒட்டிக்கொடுத்துவிட்டேன். மீசை ஒரு மயிரளவு இடம் விலகியிருக்கிறது. அதற்கு வருந்துகிறேன்.

ஒரு வேண்டுகோள். நூலகம் பார்க்கும் பிரியவதனி அக்கா வழியில் மறித்துச் சொன்னா: "பிரசாந்தன் சனி காலமையில வந்து செத்த ஆக்களின்ர புத்தகங்களைத் தடவித் தடவிப் பார்க்கிறான். பெடிக்குத் தலையில ஏதும் பிழையோ?" பிழை ஒன்றும் இல்லை. பாவம், அவனுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. எந்த மலரில் தாள் தடிப்பு என்று என்னிடமும் கேட்டான். சிவபாதம் ஐயாவுடையது என்றேன். அவனைத் தடுக்க வேண்டாம்.

இப்போது என் கிற்றாரைத் துடைத்துச் சுருதி சேர்ப்பதும் அவன்தான். மிஞ்சிய இரண்டு விரல்களால், மெல்ல மெல்ல. அந்த நேரம் என்னைக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போடச் சொல்வான். நான் திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும். கம்பி கொஞ்சம் இறுக்கமாகத் தெரிகிறது என்று போன கிழமை சொன்னேன். "வாசிக்க வாசிக்க இளகும், மச்சான்," என்று சொல்லி, என் மணிக்கட்டில் நோவெண்ணெய் பூசிவிட்டான்.

பயணத்துக்கு இன்னும் ஆறு சனிக்கிழமை இருக்கிறது. அதற்குள் கை சரியாகிவிடும் என்கிறான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கம்பிவேலை முழுவதையும் என்னிடம்தான் கற்றுக்கொண்டான்.

இப்படிக்கு,
இ. லவன்
மடத்துவெளி, புங்குடுதீவு