தலை வைக்க வேண்டிய பக்கம்

ரக்பி பார்த்திருக்கிறீர்களா, மேடம்? பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில் நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் கால்பந்தைத்தான் உதைக்கும். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் எங்களைப் பார்த்து, கோழி திருடிக்கொண்டு ஓடுகிறான்கள் என்று கேலி செய்தவர்கள்தான் அதிகம். அதனால் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் மற்றவர்களைப் போல விபத்து என்று எழுதிவிடுவீர்கள்.

பந்து வைத்திருப்பவன் முன்னால் ஓடி வருவான். தடுக்கிறவர்கள் மைதானத்தின் குறுக்கே ஒரே வரிசையாக நின்று, ஒன்றாக ஏற வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஆட்டத்தை ஒரு நாள் பாருங்கள். பந்து எதிரியின் கைக்கு வருவதற்குள் வரிசை மொத்தமும் அவன் முகத்துக்கு வந்துவிடும். வேறு சில நாட்டு அணிகள் அப்படிப் பாயாமல், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எதிரியை ஓரக்கோட்டுக்குத் தள்ளும். எப்படிச் செய்தாலும் ஒருவன் மட்டும் முந்தக் கூடாது. முந்தினால் அவன் விட்ட இடம் திறந்த கதவு. அதில் எதிரி புகுந்துவிட்டால் வரிசை உடைந்தது என்போம். அப்புறம் பின்னால் நிற்கும் கடைசி ஆள் தனியாக மாட்டிக்கொள்வான்.

எங்கள் கிளப்பில் அந்தக் கடைசி ஆளாக நின்றவன் நான். சுடலைமணி, கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு எனக்கு அழைப்பு வந்திருந்தது. போவதற்கு முன்னால் ஓர் ஆட்டம். வரிசையில் ரதீஷ் நின்றான். எங்கள் தெருக்காரன், என்னைவிடச் சிறியவன், எங்களைப் போலவே தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். நல்ல வேகம். பொறுமை மட்டும் கிடையாது. மற்றவர்கள் ஏறுவதற்குள் அவன் முந்தினான். அவன் விட்ட இடத்தில் புகுந்தவன் நேராக என் மேல் வந்து விழுந்தான். என் பாதம் தரையில் ஊன்றியே இருந்தது, முழங்கால் மட்டும் பக்கவாட்டில் போனது. விறகு ஒடிகிற மாதிரி கேட்கும் என்பார்கள். அப்படி இல்லை, மேடம். வெந்த கோழித் தொடையைத் திருகிப் பிரிக்கும்போது கேட்குமே, அந்த ஈரச் சத்தம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்று ரதீஷின் அம்மா காளியம்மை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். ரதீஷ் முந்தினான் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை, அவன் வாயிலும் வரவில்லை. அடுத்த முறை முகாமுக்கு அவனை அழைத்தார்கள். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஒடிந்த காலைத்தான் தொட்டான்.

எனக்குக் கோபம் இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எனக்கும் தெரியும். நொண்டிக்கொண்டே மைதானத்துக்குப் போய், பையன்களுக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முகாமில் ரதீஷுக்கு இடது தோள் விலகிவிட்டது. தோள் தேறினால் ஆசியப் போட்டிக்கு இந்திய ஜெர்சி போடலாம், தேறாவிட்டால் இன்னொருவன் போடுவான். என்னிடம்தான் வந்தான். "மணியண்ணா, நீ மனசு வச்சா நடக்கும். எனக்கு வேற ஆரு உண்டு?" என்றான்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஓடி வருபவன் உங்கள் இடப்பக்கமாகத் தாண்டப் பார்த்தால் இடது தோளால் மோத வேண்டும். அப்போது உங்கள் தலை அவனுக்குப் பின்னால், அவன் பிட்டத்தோடு ஒட்டி இருக்கும். அவன் என்ன வேகத்தில் வந்தாலும் தலைக்கு ஒன்றும் ஆகாது. அதே ஆளை வலது தோளால் பிடிக்கப் போனால் தலை அவனுக்கு முன்னால் போய்விடும். அவன் முழங்காலும் தொடையும் மொத்த எடையோடு அங்கேதான் வரும். ரக்பியில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இதுதான்.

நான் ரதீஷுக்கு அந்தப் பாடத்தை மறக்கச் சொல்லிக்கொடுத்தேன். இடது தோளைக் காப்பாற்ற வேண்டும், எந்தப் பக்கம் வந்தாலும் வலது தோளைக் கொடு, தலையைக் குறுக்கே வை, பந்தையும் சேர்த்துத் தடுக்கலாம் என்றேன். போனில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து வீடியோத் துண்டுகள் காட்டினேன். பெரிய வீரர்களும் சில சமயம் தவறிப்போய் அப்படித்தான் விழுவார்கள். சிலர் எழுந்திருப்பார்கள், சிலரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவார்கள். தூக்குவதற்கு முன்னாலேயே நான் துண்டை வெட்டிவிடுவேன்.

பழகுவதற்கு மோதுசாக்கு. பஜாரில் வாங்கிய பழைய மிளகுச் சாக்கில் தேங்காய்த் தும்பை அடைத்துத் தைத்தது. மோதினால் தும்மல் வரும், வேறொன்றும் வராது. சாக்குக்கு முழங்கால் இல்லையே. தோள் ஆறட்டும் என்று சொல்லி, ஆளோடு மோத அவனை நான் விடவே இல்லை.

அவனுக்கும் ஒருநாள் சந்தேகம் வந்தது. "அண்ணா, தல முன்னால போவுதே. பேடியா இருக்கு" என்றான் பயந்துபோய்.

"பேடிக்காதடா, நான் இல்லியா" என்றேன். அதன்பிறகு அவன் கேட்கவில்லை. மழைக்காலம் முழுவதும் பழகினான். யோசிக்காமலே உடம்பு தானாகத் தலையை முன்னால் கொண்டுபோகும்வரை பழக்கினேன்.

தோள் தேறியது. பிறகு எங்கள் கிளப்புக்கு ஓர் ஆட்டம் வந்தது. எதிரணியில் ஒரு மலை மாதிரி ஆள், எப்போதும் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வருபவன். ரதீஷை வரிசையின் வலது ஓரத்தில் நிறுத்தினேன். அங்கே உள்ளே வெட்டி வருபவன் தடுக்கிறவனுடைய இடப்பக்கம்தான் வருவான். ஆனாலும் ரதீஷ் தப்ப நான் ஒரு வழி விட்டிருந்தேன், இதையும் எழுதுங்கள். வரிசையோடு நின்றிருந்தால் பக்கத்தில் நின்ற ஷாஜி அந்த ஆளைப் பிடித்திருப்பான். ஒன்றும் நடந்திருக்காது. ரதீஷ் முந்தினான். பிறவிக் குணத்தை நான் என்ன செய்ய?

வலது தோள் போனது, தலை குறுக்கே போனது. அந்த ஆளின் முழங்கால் ரதீஷின் தாடையில் இறங்கி, தலை பின்னால் மடங்கியது. அதற்குமேல் அந்த உடம்பு விழுந்தது. வாயிலிருந்து பல்லும் ரத்தமும் வந்தன. கண் திறந்திருந்தது, கை கால் எதுவும் அசையவில்லை. கழுத்திலிருந்து வந்த சத்தம் ஓரக்கோட்டில் நின்ற எனக்குக் கேட்டது. இது விறகு ஒடிகிற மாதிரியேதான் இருந்தது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக்கொள்வது நான்தான். முகம் துடைப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன். "நீ இல்லாட்டி இவன் கதி என்னாகும் மோனே, எல்லாம் விதி" என்று காளியம்மை என் கையைப் பிடித்து அழுவார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இன்று காலை ரதீஷ் என்னிடம் மெல்லச் சொன்னான்: "தெத்து எனக்குத்தான் பற்றிச்சு, அண்ணா. நீ படிப்பிச்சத நான் ஒழுங்கா செய்யல."

அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை, மேடம். தோள், தலை, கால் எல்லாம் நான் பழக்கியபடியே வந்தன. ஒரு இம்மியும் பிசகவில்லை. அவன் கழுத்தை ஒடித்தவன் நான். விதி என்றும் விபத்து என்றும் எழுதாதீர்கள்.

எழுதி முடித்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். சாயங்காலம் வார்டைச் சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும். என் கையால் ஊட்டினால்தான் அவன் கஞ்சி குடிப்பான்.