காலுக்குச் சொன்ன ஸொறி

கடந்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, வெள்ளவத்தையில் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த மாலைப்பொழுதில், நமது ஆங்கிலச் சொற்பாராட்டு மன்றத்தின் செயற்குழு கூடியது. கதவு சாத்தப்பட்டது. தொலைபேசிகள் அணைக்கப்பட்டன. வடை ஆறியது; வாதம் ஆறவில்லை. முடிவில், ஏழுக்கு நான்கு என்ற வாக்குகளால், இவ்வாண்டு மேடையேற்றி மாலை சூட்டவேண்டிய ஆங்கிலச் சொல் "ஸொறி" என்று தீர்மானிக்கப்பட்டது.

அந்த வரலாற்றுத் தீர்மானத்தில், நேரத்தைக் குறிக்கும் "ரைம்" என்ற சொல்லை முன்மொழிந்து தோற்றும், தோல்வியின் சுவடு முகத்தில் தெரியாமல் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் சிவபாதசுந்தரம் அவர்களே! தீர்மானத்தைத் திருத்தமாக எழுதி, திருத்தம் கேட்டவர்களைத் தேநீரால் அடக்கிய செயலாளர் சாம்பவி அவர்களே! மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த சான்றோர்களே! இடம் கிடைக்காமல் இலக்கியத்தின் குளிர்ச்சியை மட்டும் நம்பி அமர்ந்திருக்கும் ஏனைய சான்றோர்களே! மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, வழி முழுவதும் நின்றுகொண்டே வந்து, இங்கேதான் முதன்முதலாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் அன்பு கலந்த வணக்கம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். நாள்தோறும் நாவில் வைத்து, நன்றி சொல்லாமல் நாம் விழுங்கிவிடும் ஆங்கிலச் சொல் ஒன்றை, ஆண்டுக்கு ஒருமுறை மேடைக்கு அழைத்துப் பாராட்டுவதே இம்மன்றத்தின் பணி. இத்தகைய மன்றம் கொழும்பில் இது ஒன்றே. இன்னொன்று வேண்டும் என்று இதுவரை எவரும் கோரவில்லை.

ஸொறி! எத்தனை சிறிய சொல்! எழுதினால் இரண்டே எழுத்து. ஆனால் அது செய்யும் வேலை சின்ன வேலையா?

காலையில் பஸ்ஸில் ஒருவர் உங்கள் கால்விரலை மிதிக்கிறார். "ஸொறி" என்கிறார். அங்கே அது மருந்து. நடத்துநரிடம் மீதிக் காசு கேட்கிறீர்கள். "ஸொறி" என்கிறார். அங்கே அதுவே மீதிக் காசு. காலி வீதிப் புடைவைக் கடைக்குள் நுழைகிறீர்கள். "ஸொறி அன்ரி, உங்கட சைஸ் இல்ல." அங்கே அது வாசலைக் காட்டும் விரல். அலுவலகம் ஒன்றில் அரைநாள் காத்திருக்கிறீர்கள். "ஸொறி, சேர் இப்பதான் வெளியில போனவர்." அங்கே அது சேரின் பகல் தூக்கத்துக்குப் போர்த்திய போர்வை. சொன்னது காதில் விழாவிட்டால், "ஸொறி?" என்று குரலைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், இன்னொருமுறை சொல்லும் என்று பொருள். செயற்குழுவில் ஒருவர், "ஸொறி, நான் ஒண்டு சொல்லட்டோ?" என்று எழுந்தால், அடுத்த இருபது நிமிடமும் யாரோ ஒருவருக்கு நல்லதல்ல என்று பொருள். இதற்குச் சிரிப்பவர்கள் எல்லோரும் செயற்குழு உறுப்பினர்கள் என்பதைச் சபை கவனிக்குமாக.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒருநாள் ஒரு முச்சக்கரவண்டியும் மீன் லொறியும் முட்டிக்கொண்டன. ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். இருவரும் இறங்கினார்கள். கூட்டம் கூடியது. நல்லதொரு காட்சி கிடைக்கப்போகிறது என்று நானும் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். "ஸொறி அய்யே" என்று சிங்களத்தில் அண்ணனாக்கினார் இவர். "ஸொறி மல்லி" என்று தம்பியாக்கினார் அவர். ஏறினார்கள், போனார்கள். ஏமாந்தது நான் மட்டும். மூலைக்கு மூலை மும்மொழிப் பலகை நிற்கும் இந்த மாநகரில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே வேலை செய்யும் சொல் வேறெது? சட்டம் போட்டுக் கொண்டுவந்த சொல்லா அது? தானாக வந்த சொல்! தானமாக வந்த சொல்! தடுத்தாலும் வந்திருக்கக்கூடிய சொல்!

இன்னும் ஓர் இடம் உண்டு. மரணவீடு. என்ன கதைப்பது என்று தெரியாமல் போகிறோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனங்கள் வாசலில், கழற்றிய செருப்புகளோடு நின்றுவிடுகின்றன. இந்த ஒரு சொல் மட்டும் உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறது.

இத்தனை இடங்களில் இரக்கத்தோடு ஓடிவரும் சொல், ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொண்டையில் மாட்டிக்கொள்கிறது. எந்த இடத்தில்?

பின்வரிசையில் ஒரு பெரியவர் "மனிசியிட்ட" என்கிறார். ஐயா, மனைவியிடம் சொல்வது தனிச் சொற்பொழிவு. மண்டபத்தை மூன்று நாளைக்கு எடுக்கவேண்டும். நான் சொல்வது, அந்தச் சொல் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தை.

இனி வருவதைத் தலைவரின் அனுமதியோடு சொல்கிறேன். அனுமதி கேட்கவில்லை, ஆனால் அவர் இன்னும் மணியடிக்கவில்லை.

அதோ, மேசையிலே மின்னுகிறதே பித்தளை மணி, அதை அறியாதவர் இம்மன்றத்தில் இல்லை. நமது தலைவர் பல்லாண்டுகள் பரீட்சை மண்டப மேற்பார்வையாளராக இருந்தவர். கடைசி மணி அடித்தபின் ஒரு முற்றுப்புள்ளி வைக்கவும் எவரையும் விட்டதில்லை. சொந்த மகன் பரீட்சை எழுதியபோதும் விட்டதில்லை. அந்த நேர்மையை நான் வியக்கிறேன். அவருடைய மகனும் இப்போது வெளிநாட்டிலிருந்து வியப்பதாகக் கேள்வி.

சென்ற ஆண்டு இதே விழா, இதே மண்டபம். எட்டு மணிக்குக் கதவு பூட்டப்படும். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த திருமதி றஞ்சிதம் நன்றியுரை சொல்ல எழுந்தார். தலைவருக்கு நன்றி சொன்னார். தேநீருக்கு நன்றி சொன்னார். ஒவ்வொரு பெயராக வந்து, கடைசியில் ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, "கடைசியா, எங்கட அண்ணன் பீற்றர்..." என்றார்.

மணி அடித்தது.

பீற்றரை உங்களுக்குத் தெரியும். இம்மன்றம் தொடங்கிய நாள்முதல் ஒவ்வொரு விழாவுக்கும் கதிரைகளையும் ஒலிபெருக்கியையும் தன் லொறியில் ஏற்றி வந்தவர். ஒருநாளும் மேடை ஏறாதவர். "நீங்க பேசுங்க, எனக்கு லொறியில இருந்தே கேக்கும்" என்பவர். சென்ற ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் முன்புதான் அவரை அடக்கம் செய்தோம். அவர் இல்லாத முதல் விழா அது. அவருடைய பெயருக்குப் பின்னால் வரவேண்டிய வசனம் வரவில்லை. றஞ்சிதம் அம்மா மணியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். இறங்கிப் போனார். அவரோடு கொட்டாஞ்சேனையும் போனது. இன்றைய விழாவுக்கு முன்வரை, மாதக் கூட்டங்களில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

தலைவரிடம் கேட்டோம். "ரைம் எண்டா ரைம். எட்டு மணிக்குப் பூட்டுவினம். நான் என்ன செய்யிறது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதுதான் சிக்கலாகப் போய்விட்டது.

அறிஞர் மன்றம் அல்லவா? "ஸொறி"க்கு ஈடான தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்தால் தலைவர் அதைச் சொல்லிவிடுவார் என்று நம்பினோம். சொற்களைத் திரட்டினோம். முதலில் "மன்னிப்பு" என்ற சொல்லைத் தலைவர் முன் வைத்தோம். "மன்னிப்புக் கேட்டா நான் குற்றவாளி எண்டல்லோ ஆகும்?" என்று திருப்பி அனுப்பினார். "வருந்துகிறேன்" என்றால் சம்மதம் என்றார். அதைத் தூக்கிக்கொண்டு நானும் சாம்பவியும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம்.

றஞ்சிதம் அம்மாவின் கணவர், பற்றிக் என்பவர், கதவைத் திறந்தார். எங்களைக் கண்டதும், "ஸொறி, வீட்டில ஆக்களில்ல" என்றார். குசினிக்குள் இருந்து, "ஆருங்க வந்திருக்கிறது?" என்று அம்மாவின் குரல் வந்தது. பற்றிக் எங்களைப் பார்த்தார். "ஸொறி" என்றார். உள்ளே போனோம். ஒரே வாசலில், ஒரே நிமிடத்தில், ஒரே மனிதரின் வாயில் அந்தச் சொல் பார்த்த இரண்டு உத்தியோகங்களையும் இச்சபை வியக்க வேண்டுகிறேன்.

"தலைவர் வருந்துகிறார், அம்மா" என்றோம்.

"தண்ணி வெட்டுறதுக்கும் நோட்டீஸ் ஒட்டி வருந்துறாங்கதானே. அதுக்காகத் தண்ணி வந்ததா?"

"பொறுத்தருள்க என்று எழுதித் தரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, அது மாதாவுக்குச் சொல்றது. என்னைக் கொண்டுபோய் சிலை வைக்கிற சுருவக்கூட்டுக்குள்ள வைக்காதீங்க."

சாம்பவி பையிலிருந்து இன்னும் சொற்களை எடுக்கப் போனார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "பிள்ள, பையை மூடுங்க. சொல்லுக்கா பஞ்சம்? என்ட அண்ணன்ட பேர் அந்த மைக்கில பாதியில நிக்குது. ஒரு வருசமா நிக்குது. அது உங்கட தலைவருக்கு விளங்கினாச் சரி."

தேநீர் தந்தார். நன்றாக இருந்தது. திரும்பி வந்தோம்.

அதன்பின் ஒருநாள் நானும் தலைவரும் 155இல் போகிறோம். மருதானையில் சாரதி ஒரு பிறேக் போட்டார். தலைவரின் சப்பாத்து ஒரு கால்மேல் இறங்கியது. "ஸொறி!" என்றார் தலைவர். என்ன வேகம்! என்ன தெளிவு! என்ன உண்மை! "பரவாயில்ல அண்ணே" என்றது ஒரு பெண்குரல். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கால், றஞ்சிதம் அம்மாவுடையது.

தலைவர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். "அது காலுக்குச் சொன்னது" என்றார்.

"விளங்குது. காலுக்கு வாங்கிட்டன்."

"மற்றதுக்கில்லை."

"மற்றதுக்கு நான் கேக்கவுமில்ல. முதல்ல காலை எடுங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். தலைவரே சிரிக்கிறார். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஓராண்டாக அறிஞர் குழு தேடி அலைந்த சொல், ஒரு பிறேக்கில் விழுந்தது! மானம் வந்து மறிக்குமுன், நியாயம் வந்து நிற்குமுன், "நான் செய்தது சரிதானே" என்று மூளை மனுப் போடுமுன், வாய் அதைச் சொல்லிவிட்டது! அப்படியானால் அது அவரிடம் இல்லாத சொல்லா? இருந்த சொல்! நிறைந்திருந்த சொல்! காலுக்குக் கிடைத்தது, காத்திருந்த பெயருக்குக் கிடைக்காமல் போகலாமா?

இந்தச் சொல்லை நான் ஏன் வியக்கிறேன்? அகராதியில் அதற்கு எத்தனை பொருள் இருக்கிறது என்பதற்காகவா? இல்லை. எத்தனை இணைச்சொல் இருக்கிறது என்பதற்காகவா? இல்லை. மற்ற எந்தச் சொல்லையும் ஆள் வைத்துச் சொல்லலாம். நன்றியை அனுப்பலாம், வாழ்த்தை அனுப்பலாம், வருத்தத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். இது ஒன்றுதான், உரியவர் நடந்து போய், உரியவர் முன் நின்று...

தலைவர் எழுகிறார். மணியைக் கையில் எடுக்கிறார். என் நேரம் முடிந்துவிட்டதா, ஐயா? இல்லையாம்.

மேடையை விட்டு இறங்குகிறார். அமைதி காக்கவும். பக்கவாசலோரம், எழுந்து போக வசதியான கதிரையாகத் தேடி அமர்ந்திருக்கிறாரே றஞ்சிதம் அம்மா, அங்கே போகிறார்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். தலைவர், "ஸொறி, தங்கச்சி" என்றார். அம்மா, "காலுக்கா, மணிக்கா?" என்று கேட்டார்.

"பீற்றருக்கு" என்றார் தலைவர்.

தலைவர் நீட்டிய மணி இப்போது அம்மாவின் கைப்பைக்குள் போய்விட்டது. தட்டுங்கள், இனி நிறுத்தச் சொல்ல மணி இல்லை.

என் கையில் இன்னும் ஒன்பது பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் அந்தச் சொல்லின் பழைய ஆங்கில மூலமும் உண்டு. மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறேன். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், நின்று வந்து இருந்து கேட்ட தாய்மார்களுக்கும், பாராட்டைப் பெற வந்த இடத்திலும் வேலை செய்துவிட்டுப் போகும் அந்த ஈரெழுத்துச் சொல்லுக்கும் நன்றி கூறி, தலை வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.

அடுத்தது நன்றியுரை. வழங்குபவர் திருமதி றஞ்சிதம். தலைவர் இன்று காலையே காவலாளியிடம் போய்ச் சொல்லிவைத்தபடி, மண்டபக் கதவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும்.