பூசணம் பிடிக்காத பூட்ஸ்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா; மழை விடுவதற்குள் ஒரு ஜோடி பூட்ஸின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தலைச்சோலை என்ற மலையூரில் சின்னத்தாயிக்கு அன்றைக்கு ஒரே பயம். லீவு முடிந்து காஷ்மீருக்குக் கிளம்பும் பட்டாளத்துப் புருசன் வேடியப்பன், போன லீவில் அட்டாலியில், அதுதான் பரணில், போட்டுவிட்டுப் போன தோல் பூட்ஸைக் கேட்டுவிடக் கூடாதே என்று. கேட்டே விட்டான்.

— அதெதுக்குங்க இப்ப? பட்டாளத்துலயே பூட்ஸ் குடுக்கறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?

— இது நல்ல தோலு, புள்ள. பனிக்குன்னே வாங்கினது. எறக்கு.

— எட்டாதுங்க...

— நேத்து அட்டாலியில இருந்து பானை மட்டும் எட்டுச்சா?

— ...இந்தாங்க.

— அட! நம்ம மலையில ஒரு மழைக்கு இடுப்பு பெல்ட்டே பச்சையாப் பூசணம் புடிச்சுரும். இது பளபளங்குது?

— அப்பப்ப தொடைச்சேனுங்க. தேன்மெழுகையும் வெளக்கெண்ணெயையும் காய்ச்சித் தேய்ச்சேன்.

— யாரு சொல்லிக் குடுத்தா?

— கரடியூர்ல தேன் எடுக்கற அம்மாசி அண்ணன். தண்ணி பட்டா அப்பிடியே உருண்டு ஓடிப்போயிருமுங்க!

— அட்டாலியில ஏது தண்ணி?

— ...ஊடு ஒழுகுதுங்க.

— அடியில சேறு ஒட்டியிருக்குதே?

— நொம்ப ஒழுகுதுங்க.

— உள்ள ஒரு காப்பிப் பழம் கெடக்குது.

— எலிங்க! அதுக்கென்ன, எதையும் இழுத்தாரும்.

— செரி, செரி... போட்டுப் பாக்கறேன். ம்ம்... ஏ புள்ள, குதிகாலே உள்ள போவ மாட்டேங்குது!

— நல்லா அமுக்குங்க.

— அமுக்கினா எலும்புதான் ஒடையும். சுருங்கிப் போச்சு. அடுப்போரம் காய வெச்சாத்தான் தோலு இப்பிடிச் சுருங்கும்.

— ஒரே ஒரு நாளுதானுங்க வெச்சேன்! அப்பறமெல்லாம் காயிதத்தைச் சுருட்டி உள்ள வெச்சு, நெழல்லதான்...

— அப்ப நனைஞ்சிருக்குது?

— அதுவும் எலிதானுங்க நனைச்சிருக்கும்.

— எலி, பூட்ஸ் மாட்டிட்டு எஸ்டேட்டுக்குப் போயிருக்குது போல.

— சிரிக்காதீங்க. நாந்தான். வருசா வருசம் சேத்துப்புண்ணு வந்து, விரலிடுக்கெல்லாம் வெந்து, காலை ஊன முடியாதுங்க. ஒரு நாள் மாட்டிட்டுப் பழம் பறிக்கப் போனேன். தொரைசானி வருதுன்னு அத்தனை பேரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு தெனமும் போட்டேன். இந்த மழைக்கு ஒரு புண்ணு வர்லீங்க. ஆனா... பனியில ஈரம் எறங்கினா விரலே போயிரும்னு சொன்னீங்களே. உங்க பூட்ஸைக் கெடுத்துப் போட்டேனே...

— உன்ற காலுக்கு எப்பிடி இருந்துச்சு?

— அதை ஏனுங்க கேக்கறீங்க... அளவெடுத்துத் தெச்சாப்பல இருந்துச்சு.

— அளவெடுத்துத்தான் தெச்சுது. அதுக்கும் முந்தின லீவுல, நீ தூங்கறப்ப உன்ற பாதத்தை நூல் புடிச்சு அளந்துட்டுப் போயி, அங்க தெக்கக் குடுத்தேன். உனக்குன்னு சொல்லியிருந்தா, பொம்பளைக்கு எதுக்குங்க பூட்ஸுன்னு அன்னைக்கே யாருக்காச்சும் தூக்கிக் குடுத்திருப்பே. என்றதுன்னு சொன்னாத்தான ஊட்டுல வெச்சிருப்பே? நீ போட்டியான்னு தெரிஞ்சுக்கத்தான் இப்ப எறக்கச் சொன்னேன். கண்ணைத் தொடை, புள்ள. சுருங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ற பூட்ஸ் அந்தப் பைக்குள்ளதான் இருக்குது.

உங்கள் ஊட்டிலும் கூரை ஒழுகாமல், அடுப்பு அணையாமல், யார் காலிலும் ஒரு முள் தைக்காமல், எல்லோரும் நல்லா இருங்கள், சாமி.